படத்தை அனுப்பினால் பதில் வந்துவிடுமா?

திருச்சிப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வந்தால் அது அந்த வீட்டோடு நிற்பதில்லை. விளக்கு வைப்பதற்குள் சிங்கப்பூர் மச்சானின் போனுக்குப் போய்விடும். மச்சானோடு வேலை பார்ப்பவரின் தங்கை லண்டனில் டாக்டர். அங்கிருந்து அவருக்குப் போகும். ராத்திரி பத்து மணிக்கு, "பயப்பட ஒண்ணும் இல்லையாம்" என்றோ, "உடனே சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிடச் சொல்றாங்க" என்றோ பதில் வரும். அப்படி ஒரு மச்சான் வாய்க்காதவர்களுக்காகக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஸ்கேனைப் படித்துச் சொல்லும் இணையச் சேவைகள் இருக்கின்றன. அதுவும் வேண்டாம் என்பவர்கள் ஏ.ஐ. செயலியில் ஏற்றிவிட்டுக் காப்பி ஆறுவதற்குள் விடை வாங்கிவிடுகிறார்கள். ஜாதகத்தை நாலு இடத்தில் கொடுத்துப் பொருத்தம் பார்க்கிற ஊருக்கு, ஸ்கேனை நாலு இடத்துக்கு அனுப்பிப் பார்ப்பது புதுப் பழக்கமாகவே தெரியவில்லை.

இதை நியாயப்படுத்த ஒரு வாதம் இருக்கிறது. படித்தவர்கள்தான் அதை அதிகமாகச் சொல்கிறார்கள். படம் என்பது ஆதாரம். திருச்சிப் புத்தூரில் பார்த்தாலும் நியூயார்க்கில் பார்த்தாலும் அதில் இருப்பதுதான் இருக்கும். ஆகவே கிடைப்பதிலேயே பெரிய நிபுணரிடம் காட்டுவதுதான் புத்திசாலித்தனம். அவர் புதிதாக எதுவும் சொல்லாவிட்டால்தான் என்ன நஷ்டம்? ஓராயிரம், இரண்டாயிரம் ரூபாய். சொல்லிவிட்டால் உயிர் மிச்சம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் உள்ள மூன்று நம்பிக்கைகளுமே தவறு. இரண்டாவது கருத்து கேட்பது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்கத்தான் வேண்டும். எதைப் பற்றிக் கேட்பது என்பதில்தான் எனக்குச் சண்டை. "படத்தில் என்ன தெரிகிறது?" என்பது ஒரு கேள்வி. "இந்த ஆளுக்கு இப்போது என்ன செய்யலாம்?" என்பது வேறு கேள்வி. நோயாளிக்கு வேண்டியது இரண்டாவது கேள்விக்கான விடை. படத்தை மட்டும் அனுப்புகிறவர் முதல் கேள்விக்குக் காசு கட்டிவிட்டு, இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். அறுவை சிகிச்சையும் மருந்தும் சும்மா இருத்தலும் எல்லாம் அந்த இரண்டாவது விடையில்தான் அடங்கியிருக்கின்றன.

முதல் நம்பிக்கை, படம் எங்கே போனாலும் ஒன்றுதான் என்பது. அதைச் சோதிக்கப் புத்தூருக்கு வாருங்கள். கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. டவுன்காரர்களுக்கு அது ஜி.ஹெச்., சுற்றுவட்டாரத்துக்குப் பெரியாஸ்பத்திரி. துறையூர், முசிறி, மணப்பாறை, பெரம்பலூர், அரியலூர் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். அந்தப் பக்கம் திரும்பினால் தில்லை நகர். கிராஸுக்குக் கிராஸ் கிளினிக், ஸ்கேன் சென்டர், மருந்துக்கடை. பெரிய பழுப்பு உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கிறவர்களைப் பார்க்காமல் இந்தத் தெருக்களைக் கடக்க முடியாது.

டீக்கடையில் நடப்பதைக் கவனியுங்கள். உறைக்குள்ளிருந்து 14-க்கு 17 அங்குல ஃபிலிம் வெளியே வருகிறது. அதில் வரிசை வரிசையாக இருபது சின்னக் கட்டங்கள். மாமா இரண்டு மூலைகளையும் பிடித்துக் கடையின் டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிக் காட்டுகிறார். மருமகன் போனில் எடுக்கிறான். "கொஞ்சம் இறக்குங்க மாமா, கிளேர் அடிக்குது." டியூப்லைட்டின் வெள்ளைக் கோடு நடுவிலுள்ள மூன்று கட்டங்களைத் தின்றுவிட்டது. மாமாவின் கட்டைவிரல் ஓரத்தில் இருக்கும் ஒரு கட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இடமா வலமா என்று காட்டும் எழுத்து அந்த விரலுக்குக் கீழே. அனுப்பும்போது வாட்ஸ்அப் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் நசுக்குகிறது. மறுமுனையில் இருப்பவர் உலகப் புகழ் பெற்ற டாக்டராகவே இருக்கட்டும். அவர் கைக்கு வந்திருப்பது நகலின் நகல்.

சி.டி. ஸ்கேன் என்பது அடிப்படையில் எண்களின் தொகுப்பு. காற்றுக்கு மைனஸ் 1000, தண்ணீருக்குச் சுழி, கெட்டியான எலும்புக்கு 1000-மும் அதற்கு மேலும் என்று உடம்பின் ஒவ்வொரு துளிக்கும் ஓர் எண். இந்த அளவைக்கு, கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வழக்கமாக 4096 படிகளில் பதிவாகும் அந்தச் சாம்பல் நிறம் சாதாரண போட்டோவில் 256 படிகளாகச் சுருங்கிவிடுகிறது. கதிரியக்க மருத்துவர் கணினியில் பார்க்கும்போது நுரையீரலுக்கு ஓர் ஒளி அளவு, எலும்புக்கு ஒன்று, ஈரலுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார். நூற்றுக்கணக்கான வெட்டுகளை மேலும் கீழும் உருட்டுவார். ஃபிலிமில் அச்சாவது அவற்றில் பொறுக்கியெடுத்த சில டஜன், அதுவும் யாரோ முடிவு செய்த ஒரே ஒளி அளவில். அதாவது நீங்கள் அனுப்பும் ஃபிலிமே ஏற்கெனவே ஒருவருடைய தேர்வு. அதைப் படித்து அவரிலிருந்து வேறுபட்ட கருத்தை ஒருவர் எப்படிச் சொல்வார்?

"சரி, முழு ஃபைலையும் அனுப்பினால்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. டைகாம் என்ற பொதுவடிவம் 1993 முதல் இருக்கிறது, சி.டி., எம்.ஆர்.ஐ. எதுவானாலும் மூலக்கோப்பை அப்படியே குறுந்தட்டிலோ இணைப்பாகவோ வாங்கி அனுப்ப முடியும். அப்படி அனுப்பினால் மேலே சொன்ன குறைகள் தீரும். ஆனால் நம் ஊரில் சர்வசாதாரணமாக எடுக்கப்படும் வயிற்று ஸ்கேனுக்கு, அதாவது அல்ட்ராசவுண்டுக்கு, இந்த வழியும் இல்லை. "மூச்சை இழுத்துப் பிடிங்க, இடது பக்கம் திரும்பிப் படுங்க, இங்க அமுக்கினா வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே கருவியைச் சாய்த்தும் அழுத்தியும் பார்க்கிற கைதான் அந்தச் சோதனை. ரிப்போர்ட்டோடு ஒட்டித் தரும் நாலைந்து படங்கள் அந்தக் கை எங்கே நின்றது என்பதற்கான அடையாளம் மட்டுமே. கை போகாத இடம் அந்தப் படத்தில் இருக்காது. அந்த நாலு படத்தை வைத்து ஒருவர் ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்து, "பித்தப்பையில் கல் இல்லை" என்று எழுதினால், அதற்குக் காசு கொடுத்தவரைப் பார்த்துப் பரிதாபப்படத்தான் முடியும்.

மூலக்கோப்பே போய்ச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது விடை ஒன்றாக இருக்குமா? 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் யெருஷால்மி, கார்லண்ட் முதலியோர் காசநோய்க்கான நெஞ்சு எக்ஸ்ரேக்களை வைத்து இதைச் சோதித்தார்கள். நோய் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று ஒரே ஜோடிப் படங்களைத் தேர்ந்த மருத்துவர்களிடம் கொடுத்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்பவில்லை. அதைவிட விசேஷம், அதே படத்தை அதே மருத்துவரிடம் மறுபடியும் கொடுத்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் அவர் தான் முன்பு சொன்னதையே மறுத்தார். அது பழைய எக்ஸ்ரே காலம் என்று தள்ளிவிட முடியாது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலியும் கால் குடைச்சலும் இருந்த 63 வயதுப் பெண் ஒருவரை மூன்று வாரத்துக்குள் நியூயார்க் வட்டாரத்தில் பத்து எம்.ஆர்.ஐ. மையங்களுக்கு அனுப்பினார்கள். பத்து ரிப்போர்ட்டிலும் சேர்த்து 49 வெவ்வேறு குறைகள் சொல்லப்பட்டிருந்தன. பத்திலும் இடம்பெற்ற குறை ஒன்றுகூட இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு யாரோ ஒருவருடைய ரிப்போர்ட்டில் மட்டுமே இருந்தது.

இதைக் கேட்டதும், "அதனால்தானே இரண்டாவது கருத்து வேண்டும் என்கிறோம்!" என்று எதிர்த்தரப்பு துள்ளி எழும். பொறுங்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பத்து ரிப்போர்ட் இருக்கும் உலகத்தில் பதினொன்றாவது ரிப்போர்ட் எதைத் தீர்த்துவைக்கும்? அந்தப் பெண்ணின் எந்தக் காலில், எந்த இடத்தில் மரத்துப்போகிறது, கட்டைவிரலைத் தூக்க முடிகிறதா, நடந்தால் வலிக்கிறதா உட்கார்ந்தால் வலிக்கிறதா என்று பார்த்த ஒருவர்தான் 49-இல் எது வலிக்குக் காரணம் என்று சொல்ல முடியும். முடிவு சொல்கிறவர் ஆளைப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது நம்பிக்கை, பெரிய இடத்து நிபுணர் சொன்னால் அதுதான் சரி என்பது. இதற்கு நல்ல ஆதாரமும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வெளியிலிருந்து வந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மூளை, முதுகுத்தண்டு ஸ்கேன்களை நரம்பியல் கதிரியக்க நிபுணர்கள் மறுபடி படித்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வில் 100-க்கு ஏறத்தாழ எட்டில் சிகிச்சையைப் பாதிக்கக்கூடிய வேறுபாடு தெரிந்தது. இறுதியில் நோய் இன்னதென்று உறுதியானவற்றில் இரண்டாவது வாசிப்பு 100-க்கு 84-இல் சரியாக இருந்தது. இது சாதாரண விஷயம் இல்லை. குறிப்பிட்ட உறுப்பிலேயே பழகிய கண் மற்றக் கண்ணைவிட அதிகம் பார்க்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்களிடம் மூலப்படம் இருந்தது. அவர்கள் வாசிப்பு அதே மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்கும் மருத்துவரின் கைக்குப் போனது. அப்படியிருந்தும் 100-க்கு 16 சரியாக அமையவில்லை. டீக்கடை டியூப்லைட்டில் எடுத்த போட்டோவுக்கு இந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமில்லை.

தூரத்து நிபுணருக்குத் தெரியாத இன்னொன்று நம் ஊர். வேலூரில் நடந்ததைப் பாருங்கள். வலிப்பு வந்த ஒருவருக்கு மூளையில் மருந்து ஏற்றி சி.டி. எடுத்தால், சில சமயம் வட்டமாக ஒளிரும் சின்னப் புள்ளி ஒன்று தெரியும். 1980-களில் நம் நாட்டில் இதைப் பெரும்பாலும் காசநோய்க் கட்டி என்றே எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். மேல்நாட்டுப் புத்தகத்தை மட்டும் படித்தவருக்கு அது புற்றுநோயாகவும் தோன்றலாம். பல பேருக்கு அந்தப் புள்ளி சில மாதங்களில் தானாகவே மறைந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வேதாந்தம் ராஜசேகர், மேத்யூ சாண்டி முதலிய நரம்பு அறுவை மருத்துவர்கள் இவற்றில் பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் முட்டை உடம்புக்குள் போய் உண்டாகும் புழுக்கட்டிகள் என்று காட்டினார்கள். காசநோய்க் கட்டியிலிருந்து அதைப் பிரித்தறிய 1993-இல் ஓர் அளவுகோலும் வகுத்தார்கள். கட்டி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், 20 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கக் கூடாது. இவை படத்தில் தெரிபவை. நோயாளிக்கு வலிப்பு வந்திருக்க வேண்டும், மண்டைக்குள் அழுத்தம் கூடியதற்கான அறிகுறி நீடிக்கக் கூடாது, கைகால் பலவீனம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போகக் கூடாது, உடம்பில் வேறெங்கும் தீவிர நோய் இருக்கக் கூடாது. இவை எந்தப் படத்திலும் இல்லாதவை.

அளவுகோலில் பாதி ஃபிலிமுக்கு வெளியே இருக்கிறது. மண்டையைத் திறக்கலாமா, காசநோய் மருந்து கொடுக்கலாமா, வலிப்பு மருந்தோடு காத்திருந்து மறு ஸ்கேன் எடுக்கலாமா என்ற மூன்று முடிவுகளும் அந்த வெளிப் பாதியைச் சார்ந்தவை. உலகத்துக்குப் பயன்படும் இந்த அறிவு உருவானது திருச்சியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள ஊரில், நோயாளிகளை நேரில் பார்த்து, மாதக்கணக்கில் பின்தொடர்ந்து. நெஞ்சு சி.டி.யில் தெரியும் சின்னக் கட்டிகளின் கதையும் இதேதான். காசநோய் வந்து ஆறிய தழும்பு நம் பக்கத்தில் சகஜம். இந்த ஊரை அறிந்தவர் பழைய எக்ஸ்ரே இருக்கிறதா, சின்ன வயதில் மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்பார். அறியாதவர் பயாப்ஸி எழுதுவார்.

படிப்பவரிடம் என்ன கேள்வி கேட்கிறோம் என்பதே அவர் கண்ணை வழிநடத்துகிறது. 2013-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நுரையீரல் கட்டியைத் தேடச் சொல்லி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் சி.டி. படங்களைக் கொடுத்தார்கள். ஒன்றில் வழக்கமான கட்டியைப் போல 48 மடங்கு பெரிய கொரில்லா உருவத்தைச் செருகியிருந்தார்கள். 20 பேர் அதைப் பார்க்கவில்லை. அவர்கள் மட்டமான மருத்துவர்கள் இல்லை. கேட்டதைத் தேடினார்கள், கேட்காததைக் கண்கள் தாண்டிப்போயின. நாம் என்ன கேட்கிறோம்? "டாக்டர், ப்ளீஸ் செக்." அவ்வளவுதான். இருமல் எத்தனை நாளாக, எடை குறைந்ததா, பீடி பழக்கம் உண்டா, முன்பு அறுவை சிகிச்சை நடந்ததா, எதுவும் கிடையாது. கேள்வியே இல்லாமல் படத்தைக் கொடுத்துவிட்டுச் சரியான விடையை எதிர்பார்க்கிறோம்.

மூன்றாவது நம்பிக்கை, நஷ்டம் ஒன்றுமில்லை என்பது. மூன்றிலும் ஆபத்தானது இதுதான். மனித உடம்பை உற்றுப் பார்த்தால் எப்போதும் ஏதாவது கிடைக்கும். எந்த வலியும் இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் முதுகுத்தண்டு ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், டிஸ்க் தேய்மானம் 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் தெரிந்தது. டிஸ்க் பிதுக்கம் 20 வயதிலேயே 30 சதவீதம். இதைத்தான் ரிப்போர்ட்டில் பார்த்துவிட்டு, "எல் ஃபோர் எல் ஃபைவ் பல்ஜ் இருக்காம்" என்று நாம் நடையையே மாற்றிக்கொள்கிறோம். தென் கொரியாவில் கழுத்து ஸ்கேன் பரவலான பிறகு, 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்கள் விகிதம் 15 மடங்கு ஆனது. அதனால் இறந்தவர்கள் விகிதம் மாறவில்லை. தேவையில்லாமல் கழுத்து அறுக்கப்பட்டு, காலம் முழுக்க மாத்திரை விழுங்கப்போகிறவர்கள்தான் மிச்சம்.

ஆளைப் பார்க்காத, நாளைக்கும் பார்க்கப்போகாத ஒருவர் படத்தைப் படிக்கும்போது எப்படி எழுதுவார் என்று யோசியுங்கள். எதையும் விட்டுவிட்டோம் என்ற பழி வரக் கூடாது. ஆகவே சந்தேகம் எல்லாவற்றையும் எழுதுவார். கடைசி வரியில் கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. எடுக்கவும், தேவைப்பட்டால் பெட் ஸ்கேன் எடுக்கவும் என்று முடிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் அந்த வரி இங்கே இன்னொரு செலவு, இன்னொரு கதிர்வீச்சு, இன்னும் பத்து நாள் தூக்கமின்மை. வயிற்று சி.டி. ஒன்றில் உடம்பு வாங்கும் கதிர்வீச்சு, இயற்கையாக நாம் மூன்று ஆண்டுகளில் வாங்குவதற்குச் சமம். முதல் ரிப்போர்ட்டும் இரண்டாவதும் முரண்பட்டால் மூன்றாவதைத் தேடுகிறோம். பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று எண்ணுகிறோம். ஓட்டுப் போட்டு நோயைத் தீர்மானித்த ஊர் எங்கும் கிடையாது. இதற்கிடையில் சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டிய உண்மையான நோயாளிக்கு நாட்கள் ஓடுகின்றன.

சட்டமும் இந்த இடத்தில் துணைக்கு வராது. 2020 மார்ச் 25-இல் வெளியான இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் ஆலோசனையைத் தம் வரம்பில் சேர்க்கவில்லை. லண்டன் டாக்டர் அன்போடு சொன்னது அன்போடு போகும்; தப்பானால் கேட்க இடமில்லை. உள்ளூர் டாக்டராக இருந்தால், வாட்ஸ்அப்பில் பேசினாலும் தன் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும் என்று அதே நெறிகள் சொல்கின்றன. கட்டண இணையச் சேவையில் அந்த எண்ணைக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஏ.ஐ. தளம் நோயாளிக்கு நேரடியாக ஆலோசனை சொல்வதையும் மருந்து எழுதுவதையும் அந்த நெறிகள் அனுமதிக்கவில்லை. மருத்துவருக்கு உதவலாம், அவ்வளவே. காசநோய் முதற்கட்டச் சோதனையில் நெஞ்சு எக்ஸ்ரேயைக் கணினி படிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது உண்மை. அங்கே சந்தேகம் வந்தால் அடுத்து சளிப் பரிசோதனை காத்திருக்கிறது. போனில் படம் ஏற்றுகிறவருக்கு அடுத்த படி என்று ஒன்று இல்லை. அந்தரங்கமும் போகிறது. 2019-இல் ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம் நோயாளிகளின் ஸ்கேன்கள் பூட்டில்லாமல் இணையத்தில் கிடந்த சர்வர்களை 52 நாடுகளில் கண்டுபிடித்தது. இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. "பெங்களூரில் உட்கார்ந்து அமெரிக்க ஸ்கேனைப் படிக்கிறார்களே, அது மட்டும் எப்படிச் சரி?" 2002-இல் பெங்களூரில் தொடங்கிய டெலிரேடியாலஜி சொல்யூஷன்ஸ் போன்ற நிறுவனங்கள், அங்கே இரவாக இருக்கும்போது இங்கே பகலில் உட்கார்ந்து அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு ரிப்போர்ட் எழுதுகின்றன. உண்மைதான். பெங்களூருக்கு வருவது முழு மூலக்கோப்பு. கூடவே எதற்காக எடுத்தது என்ற குறிப்பு. மறுமுனையில் நோயாளியின் கட்டிலருகே நிற்கும் மருத்துவர். அந்த மருத்துவரின் கேள்விக்குத்தான் பெங்களூர் விடை சொல்கிறது. முடிவெடுப்பவர் நோயாளியின் பக்கத்திலேயே இருக்கிறார். ஆகவே தூரம் தடையில்லை. கேள்வியும் ஆளும் இல்லாமல் படம் மட்டும் பயணம் போவதுதான் கோளாறு. பெங்களூர் உதாரணம் என் பக்கம்தான் சாய்கிறது.

மக்கள் ஏன் இப்படி அலைகிறார்கள் என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். நம்பிக்கை இல்லை. "இந்த சென்டர்லதான் எடுக்கணும்" என்று சீட்டில் எழுதித் தரும்போது கமிஷன் ஞாபகம் வராதவர் யார்? கமிஷன் வாங்குவதை 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறைகள் தடைசெய்திருந்தும் பேச்சு ஓயவில்லை. "வேற டாக்டர்கிட்ட காமிச்சீங்களா? அப்ப அவர்கிட்டயே போங்க" என்று உறையைத் தள்ளிவிடும் மேஜைகளும் உண்டு. அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர் ரகசியமாகப் போனைத் தேடுவதில் என்ன ஆச்சரியம்? தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து 2018-இல் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நோயாளிகள் உரிமைச் சாசன வரைவில் இரண்டாவது கருத்து பெறுவது தனி உரிமையாகவே இருக்கிறது. அதற்கு வேண்டிய ஆவணங்களைக் கூடுதல் செலவோ தாமதமோ இல்லாமல் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்பது 2002 நெறிமுறைகளிலேயே இருக்கிறது. கோபித்துக்கொள்ளும் மருத்துவர்தான் இங்கே விதியை மீறுகிறார்.

ஆனால் நம்பிக்கையில்லாமையைத் தீர்க்கும் வழி ஆளில்லாத படம் ஆகாது. நல்ல இணையவழி இரண்டாவது கருத்து எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. மும்பை டாடா மெமோரியல் மையமும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பும் நவ்யா நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தும் சேவையில் நோயாளி தன் எல்லா ஆவணங்களையும் ஏற்றுகிறார்: பயாப்ஸி முடிவு, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், இதுவரை எடுத்த சிகிச்சை, உடல்நிலை. திரும்பி வருவது எந்தச் சிகிச்சை ஏற்றது என்ற யோசனை. அதை எடுத்துக்கொண்டு நோயாளி தன் ஊர் மருத்துவரிடமே போகிறார். துறையூர்க்காரர் ஒருவர் மும்பைக்கு ரயிலேறாமல் அந்த யோசனையைப் பெற முடிகிறது என்றால், இணையத்தால் விளைந்த நிஜமான நன்மை அது. நான் எதிர்ப்பது இதை அல்ல. இதன் பெயரைச் சொல்லிக்கொண்டு விற்கப்படும் ஒற்றைப் பட வாசிப்பை.

இணையத்துக்குப் போகுமுன் இன்னொரு கதவு இருக்கிறது, யாரும் தட்டுவதில்லை. ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போட்ட கதிரியக்க மருத்துவர் பெரும்பாலும் அதே தெருவில், சில சமயம் அதே கட்டடத்தின் மாடியில் உட்கார்ந்திருக்கிறார். சி.டி., எம்.ஆர்.ஐ. எடுத்த நோயாளிகளில் பெரும்பாலோர் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. பழைய ஃபிலிமையும் கொண்டுபோய், "டாக்டருக்கு இந்த இடத்தில் சந்தேகம், இன்னொரு தடவை பார்க்க முடியுமா?" என்று கேட்டால், மூலக்கோப்பை அவர் கணினியிலேயே திறந்து மறுபடி பார்க்க முடியும், தேவையானால் கூடுதல் குறிப்பு எழுதித் தர முடியும். சிகிச்சை பார்க்கும் மருத்துவரும் அவரும் ஐந்து நிமிடம் போனில் பேசினால் வரும் தெளிவு கடல் கடந்த எந்த வாசிப்பிலும் வராது. புத்தூரிலும் தில்லை நகரிலும் இந்த இரண்டு பேரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். நாமோ சிங்கப்பூருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அதன் பிறகும் கேட்க வேண்டியிருந்தால், தாராளமாகக் கேளுங்கள். அறுவை சிகிச்சை என்றாலோ, புற்றுநோய் என்றாலோ, சொன்ன நோயும் உங்கள் உடம்பு படும் பாடும் ஒத்துவரவில்லை என்றாலோ கேட்காமல் இருப்பதுதான் தவறு. மூலக்கோப்பை வாங்குங்கள். பழைய ஸ்கேன்கள், ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் சேருங்கள். பதிலளிப்பவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். பதிலை உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் காட்டுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "எங்கள் டாக்டர் இன்னது செய்யலாம் என்கிறார், அதைச் செய்யலாமா, காத்திருக்கலாமா, வேறு வழி உண்டா?"

அந்த வரியை எழுத முடியாவிட்டால், உங்கள் டாக்டர் என்ன சொல்கிறார் என்பதே உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று பொருள். அப்போது போக வேண்டிய இடம் அவருடைய அறை. எழுத முடிந்தால், எந்த ஊர் நிபுணருக்கும் அனுப்பலாம். அவர் பதில் சொல்லும் நிலையில் இருப்பார். அந்த வரி இல்லாமல் அனுப்பும் படத்துக்கு வரும் பதில், யார் எழுதியதானாலும், உங்களைப் பற்றியது இல்லை.